பூஜ்யம் போட்ட ஊர்

கூபர் பீடி,
9 மே 1995

ஆராய்ச்சியாளர் நோரீன் டேலி அவர்களுக்கு,

என் பெயர் லாயோஷ் போட்னார். மார்ச் மாதம் எங்கள் ஊர் கிளப்பில் நீங்கள் கூட்டம் போட்டபோது கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவன். நீங்கள் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டேன். அதற்கு நன்றி. வேறு எதற்கும் நன்றி சொல்வதாக இல்லை.

போன வாரம் அடிலெய்டிலிருந்து வந்த லாரிக்காரன் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். இந்த மாநிலத்திலேயே தங்கள் வேலையை மிகவும் வெறுப்பவர்கள் ஓபல் ரத்தினக் கல் தோண்டுகிறவர்கள்தான் என்று பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறதாம். "என்ன பெரியவரே, அவ்ளோ கஷ்டமா? சொல்லியிருக்கலாம்ல. எங்க கொட்டகைல வாட்ச்மேன் வேலை காலியாத்தான் இருக்கு, சோறும் போடுவாங்க" என்று சிரித்தான். 1956-ல் ஹங்கேரியை விட்டு ஒரு சட்டையோடு வந்தவன் நான். அறுபத்துமூன்று வயதாகிறது. வந்த நாளிலிருந்து எவனிடமும் கைகட்டி வேலை பார்த்ததில்லை. லாரிக்காரன் எனக்கு வேலை போட்டுத் தருகிறானாம்.

வேலையில் மனநிறைவும் நல்வாழ்வும் பற்றிப் பத்தாண்டு ஆராய்ச்சி, கலந்துகொள்ள ஆட்கள் தேவை என்று தபால் நிலையத்தில் ஒட்டிவிட்டுப் போனீர்கள். கிளப்பில் நீங்கள் கொடுத்த கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி, வேலையில் எவ்வளவு திருப்தி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் போடு என்றது. ஊரே பூஜ்யம் போட்டது. நானும் போட்டேன். ஒரு தராசு எதை வைத்தாலும் பூஜ்யம் காட்டினால் நான் தராசைத்தான் சந்தேகப்படுவேன். நீங்கள் ஊரைச் சந்தேகப்பட்டுவிட்டீர்கள்.

பேப்பரில் மறுப்பு வர வேண்டும். தபால் நிலையத்து அறிவிப்பை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நானே கிழிப்பேன்.

லாயோஷ் போட்னார்


அடிலெய்டு,
16 மே 1995

மதிப்பிற்குரிய திரு. போட்னார்,

உங்கள் கோபம் நியாயமானது. நான் அந்தத் தாள்களை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் எங்கள் துறையில் ஒருவர் நிருபரிடம் பேசிவிட்டார். மறுப்பு எழுதி அனுப்பினேன். குதிரைப் பந்தய முடிவுகளுக்குக் கீழே இரண்டு வரி போட்டிருக்கிறார்கள். வெட்டி இணைத்திருக்கிறேன்.

தராசைப் பற்றி. அதே தாளைக் கோதுமை விவசாயிகளிடமும் ரயில் ஓட்டுநர்களிடமும் நர்சுகளிடமும் கொடுத்தோம். அங்கெல்லாம் அது ஒழுங்காகத்தான் நிறுக்கிறது. உங்கள் ஊரில் மட்டும் முள் அசையவில்லை. எனக்குத் தூக்கம் வராமல் செய்வது எட்டாவது கேள்வி. இதே வருமானத்துக்கு வேறு வேலை கிடைத்தால் போவீர்களா என்று கேட்டிருந்தோம். திருப்தி பூஜ்யம் என்று எழுதிய அத்தனை பேரும் அடுத்த வரியில் 'போக மாட்டேன்' என்று எழுதியிருக்கிறார்கள். இருபது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இதற்கு விளக்கம் கிடைக்காவிட்டால் உங்கள் ஊரை ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள். நம்பத்தக்க விடைகளோடு நாற்பது பேர் ஆகஸ்ட் முடிவதற்குள் சேர வேண்டும் என்று ஆய்வுக் குழுவில் சொல்லிவிட்டார்கள். என் கையில் இப்போது ஒருவர்கூட இல்லை.

அறிவிப்பைக் கிழிப்பதற்கு முன் இதை மட்டும் சொல்லுங்களேன். ஏன் பூஜ்யம்?

நோரீன் டேலி


கூபர் பீடி,
24 மே 1995

அம்மணி,

குதிரைகளுக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். பார்த்தேன்.

ஏன் பூஜ்யம் என்று கேட்டிருக்கிறீர்கள். இது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். இங்கே ஒருவனைப் பார்த்தால் "எப்படிப் போகுது?" என்று கேட்பது மரியாதை. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. "ஒண்ணுமில்ல. நிறமே தெரியல." நிறம் என்றால் கல்லில் தெரியும் ஓபலின் நிறம். உள்ளே அவன் ஒரு சாக்கு நிறைய எடுத்து வைத்திருந்தாலும் வெளியே ஒண்ணுமில்லைதான். ஏனென்றால் அடுத்தவன் குழியில் திருட்டுத்தனமாக இறங்குகிறவன் இங்கே உண்டு. அவனை நாங்கள் எலி என்போம். எலிக்கு மோப்பம் அதிகம். தனாசிஸ் என்று ஒரு கிரேக்கன், ஒரு சாயங்காலம் கடையில் ரொட்டி வாங்கும்போது வாய்விட்டு ஒரு பாட்டுப் பாடினான். பாட்டு, அவ்வளவுதான். மறுநாள் அவன் குழியில் சுவரே மிச்சமில்லை. அதற்குப் பிறகு இந்த ஊரில் எவனும் சீட்டிகூட அடிப்பதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் நீங்கள் ஐம்பது பேரை ஒரே அறையில் உட்காரவைத்து, பென்சில் கொடுத்து, பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கிற மாதிரி, நீ எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாய் என்று கேட்டீர்கள். எட்டு என்று போடுவதும் குழி வாசலில் விளக்கேற்றி வைப்பதும் ஒன்று.

இனி என் முறை. அத்தனை பேரிடம் கேட்கிறீர்களே, உங்கள் எண் என்ன?

இன்னொன்று. எல்லோரும் பூஜ்யம் போட்டிருக்கும்போது, அதில் நிஜமாகவே பூஜ்யமாக இருப்பவன் ஒருவன் இருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? எனக்கு இதில் ஒன்றுமில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

லா. போட்னார்


அடிலெய்டு,
1 ஜூன் 1995

மதிப்பிற்குரிய திரு. போட்னார்,

உங்கள் கடிதத்தை எங்கள் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ரொட்டிக் கடையில் பாட்டு வந்த இடத்தில் எங்கள் புள்ளிவிவரக்காரர் எழுந்து நின்றுவிட்டார். எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வது எங்களுக்கு ஒரு விடையாகத் தோன்றவே இல்லை. தவறு எங்கள் பக்கம். இனி தாள்களை ஒட்டிய உறையில், வீட்டிலேயே எழுதும்படி அனுப்பப்போகிறேன்.

என் எண் ஐந்து. முன்பு எட்டாக இருந்தது. அப்போது நான் ஊர் ஊராகப் போய் மனிதர்களிடம் பேசினேன். இப்போது பெரும்பாலும் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து, ஏன் இன்னும் பேச வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேள்வி கேட்பவளிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை, அதனால்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை: முடியாது. ஐம்பது பூஜ்யத்துக்குள் ஒரு பூஜ்யம் ஒளிந்துகொண்டால் ஏழாவது கேள்வியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

'சும்மா' என்ற சொல்லை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதியிருக்கிறீர்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நீங்களா?

நோரீன் டேலி


கூபர் பீடி,
9 ஜூன் 1995

அம்மணி,

நான் இல்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், முழங்காலைத் தவிர.

மிர்கோ பாரிஷிச். குரோஷியாக்காரன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். 1968-லிருந்து நானும் அவனும் ஒரே குழியில் கூட்டு. பாறையில் துளை போடுவது நான். வெடிமருந்து திணிப்பது அவன். அவன் மருந்து வைத்தால் பாறை கேக் வெட்டின மாதிரி விழும், ஒரு கல் உடையாது. புதுவருடத்துக்குப் பிறகு அவன் குழிக்கு வரவில்லை. பாறைக்குள் குடைந்த வீட்டில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். சூப் கொண்டுபோய் வைக்கிறேன். "எப்படிப் போகுது?" என்கிறேன். "ஒண்ணுமில்ல" என்கிறான். வேறு என்ன சொல்வான்? ஊர் முழுக்க அதைத்தான் சொல்கிறது. நானே அவனுக்கு அப்படித்தான் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் வேறு கேள்வி இருந்ததில்லை, வேறு பதிலும் இருந்ததில்லை.

மார்ச்சில் உங்கள் தாளையும் ஒரு துண்டு கேக்கையும் நான்தான் அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதி, உறையை ஒட்டித் திருப்பிக் கொடுத்தான். நான் பிரிக்கவில்லை. பிரித்திருக்கலாம்.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். ஏழாவது கேள்வி வேண்டாம், மற்றதைப் பாருங்கள். தூக்கம், சாப்பாடு என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். என்ன எழுதியிருக்கிறான் என்று எனக்குச் சொல்லுங்கள். அவன் என் கூட்டாளி. எங்கள் குழியில் இருப்பது எல்லாம் பாதிப் பாதி.

லா. போட்னார்


அடிலெய்டு,
14 ஜூன் 1995

அன்புள்ள திரு. போட்னார்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

சொல்ல மாட்டேன். அவர் எழுதியது உங்கள் குழியில் இல்லை, என் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் தாளைப் பற்றி அவர் கேட்டாலும் இதே பதில்தான்.

இருபத்திரண்டாம் கேள்வி உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஒரு நாள் நீங்கள் வேலைக்கு வராவிட்டால் அதை முதலில் கவனிப்பவர் யார் என்று கேட்டிருந்தோம். மற்ற ஊர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர்கூட விடவில்லை. எல்லோரும் ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள். அங்கே மட்டும் யாரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை.

நீங்கள் அவரிடம் கேளுங்கள். அங்கே ஒரு நல்ல டாக்டரின் பெயரையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் நீங்கள்.

நோரீன் டேலி


கூபர் பீடி,
20 ஜூன் 1995

கேளுங்கள் என்கிறீர்கள். குழியில் மாட்டிக்கொண்டவனுக்கு மேலே நின்று கயிறு போடாமல், கையை நீட்டு என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்ன எழுதினான் என்று தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறீர்கள். நல்ல வேலை. இதற்கு ஐந்து அதிகம்.

அறிவிப்பைக் கிழித்துவிட்டேன்.

லாயோஷ் போட்னார்


அடிலெய்டு,
10 ஜூலை 1995

அன்புள்ள திரு. போட்னார்,

நீங்கள் எழுதவில்லை. நானும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

உறையில் அனுப்பிய புதுத் தாள்களுக்கு ஒன்பது பேர் பதில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் ஏழு போட்டுவிட்டு, 'கையெழுத்தை யாருக்கும் காட்டாதீர்கள்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். ஒன்பதை வைத்துக்கொண்டு குழுவிடம் போக முடியாது. அது என் கவலை, உங்களுடையது அல்ல.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. 'உங்கள் எண் என்ன' என்று நீங்கள் கேட்ட கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டதால் மட்டும் நான் சொல்லவில்லை. அதே கடிதத்தில் சொல்லக்கூடாத ஊர் ரகசியத்தை நீங்கள் முதலில் சொல்லியிருந்தீர்கள். அதன் பிறகு மறைத்து வைத்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மிர்கோ எப்படி இருக்கிறார்?

நோரீன்


கூபர் பீடி,
27 ஜூலை 1995

அம்மணி,

நடந்ததை எழுதுகிறேன். இதில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு. எவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அது எனக்குப் பழக்கம். பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளப்புக்குப் போனேன். டிவியில் ஃபுட்பால். ஊரே அங்கே இருந்தது. பீர் ஊற்றுகிற கெவின், எப்போதும் போல, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"எப்படிப் போகுது லாயோஷ்?"

"எட்டு" என்றேன்.

"எட்டு என்ன? எட்டு பீரா?"

"வேலை. பத்துக்கு எட்டு. ரொம்ப நல்லாப் போகுது. சந்தோஷமா இருக்கேன்."

யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். கெவின் கையில் கிளாஸ் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"யோவ் பெரியவரே, மெதுவா பேசு. உனக்கு என்ன, வெயில் தலைக்கேறிடுச்சா?"

"எத்தனை அடியில லாயோஷ்?" என்றான் ஒருவன். "சிவப்பா, பச்சையா?" என்றான் இன்னொருவன்.

"ஓபலப் பத்திப் பேசலடா. என்னப் பத்திப் பேசறேன்" என்றேன்.

"சரி சரி, உன்னப் பத்திதான்" என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவனும் நம்பவில்லை. நான் வெளியே வரும்போது என் பின்னால் மூன்று வண்டிகள் கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் குழிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டேன். எனக்கு அங்கே காக்க எதுவும் இல்லை. இந்த வருடம் முழுக்க எங்களுக்கு நிஜமாகவே நிறம் தெரியவில்லை.

நான்கு மணிக்குக் குழிக்குப் போனேன். குழி வாயை மறித்துக்கொண்டு மிர்கோவின் வண்டி நின்றது. அதன் நிழலில் அவன், சமையலறை நாற்காலியில், மடியில் கடப்பாரை, காலடியில் காபி பிளாஸ்க். புதுவருடத்திலிருந்து வெயிலைப் பார்க்காத முகம், பாலாடை மாதிரி வெளுத்துக் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்தான்.

"கிழட்டுக் கழுதை! ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு வந்தியா? கெவின் போன் போட்டுச் சொன்னான், ஓடி வந்தேன். வந்தானுங்க, மூணு வண்டி! கடப்பாரையைத் தூக்கிக் காட்டினேன், போயிட்டானுங்க. நிறம் வந்தா எனக்குச் சொல்ல மாட்ட, பீர் ஊத்தறவன்கிட்ட சொல்லுவ!"

"நிறம் எதுவும் வரலடா."

"அப்புறம் எதுக்குடா எட்டுன்ன?"

"என் நம்பர் சொன்னேன். உன்னுது சொல்லு."

"என்ன நம்பர்? என்ன எழவு நம்பர்?"

"நான் எட்டு. நீ எவ்ளோ மிர்கோ?"

அவன் என்னை அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். கடப்பாரையைக் கீழே போட்டான். நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றினான். மூடிக்குள் பாதி, மணலில் பாதி. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் நிறுத்தாமல் ஊற்றினான். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினான். வலது கை காற்றில் தொங்கும் துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"இதான். கிறிஸ்மஸ்லருந்து. இந்தக் கையால மருந்து திணிச்சா நீயும் நானும் குழியிலருந்து நேரா அடிலெய்டுக்குப் பறந்துருப்போம்."

"சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்ல? மருந்து வைக்க முடியாதவன் கூட்டாளியா? நீ கேட்டப்பல்லாம் ஒண்ணுமில்லன்னேன். நீயும் சரின்னு சூப்ப வெச்சிட்டுப் போயிட்ட."

"நான் கவனிச்சேன்டா."

"கவனிச்ச. கேக்கறதுக்கு ஏழு மாசம்."

கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து அவன் வண்டியில் சாய்த்து வைத்தேன். "மருந்து நான் வைக்கறேன். நீ சொல்லு, நான் வைக்கறேன். நீ மேல நின்னு வாளி இழு."

"கை ஆடும். வாளியும் ஆடும்."

"ஆடட்டும். கல்லுக்குத் தலை சுத்தாது."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் மிச்சக் காபியை எனக்கு ஊற்றினான், அதிலும் பாதி மணலில்.

நேற்று முதல்முறையாக நான் மருந்து வைத்தேன். மேலிருந்து ஒரு மணி நேரம் கத்தினான். இப்படிப்பட்ட வசவை நான் ராணுவத்தில்கூடக் கேட்டதில்லை. பாறை கோணலாக விழுந்தது. நீங்கள் எழுதிய டாக்டரிடம் அடுத்த வியாழக்கிழமை கூட்டிப்போகிறேன். வரமாட்டேன் என்கிறான். வருவான்.

ஒன்று திருத்த வேண்டும். எட்டு என்பது பொய். அன்று காலை என் எண் மூன்று. ஊரார் முன்னால் நான் சொன்ன முதல் சந்தோஷமான செய்தி, அதுவும் பொய். இப்போது எவ்வளவு என்று கேட்டால் தெரியவில்லை. கோணலாக விழுந்த பாறையை அள்ளி முடித்த பிறகு யோசிக்கிறேன்.

இரண்டு தாள் அனுப்புங்கள். அறிவிப்பு இன்னொன்று இருந்தால் அதையும். நானே ஒட்டுகிறேன்.

லாயோஷ்


அடிலெய்டு,
3 ஆகஸ்ட் 1995

அன்புள்ள லாயோஷ்,

தாள்கள், அறிவிப்பு, பசை எல்லாம் இந்தப் பொட்டலத்தில். கேக்கும் வைத்திருக்கிறேன். வழியில் நசுங்கியிருந்தால் லாரிக்காரரைத் திட்டுங்கள்.

நாற்பது இன்னும் வரவில்லை. நேற்று வரை இருபத்தாறு. ஆனால் போன வாரம் மட்டும் பதினொன்று வந்தன, எல்லாம் ஒரே வயிற்றெரிச்சலோடு. 'லாயோஷ் எட்டுன்னா நான் மட்டும் என்ன' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு உங்கள் குழியில் என்ன கிடைத்தது என்று தெரிந்தாக வேண்டும் போலிருக்கிறது. எனக்கும்தான், வேறு விதத்தில். இந்த வாரக் கூட்டத்தில் உங்கள் ஊருக்காகப் பேசப்போகிறேன். வெகுநாள் கழித்து ஒரு கூட்டத்துக்குப் போக ஆசையாக இருக்கிறது.

இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டாம்.

நோரீன்


கூபர் பீடி,
14 ஆகஸ்ட் 1995

நோரீன்,

கேக் நசுங்கித்தான் வந்தது. மிர்கோ கரண்டியால் சாப்பிட்டான்.

தாள்களை உறையில் வைத்து ஒட்டியிருக்கிறேன். அவன் தாளை நான் பார்க்கவில்லை. பார்க்க விடவுமில்லை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி இடது முழங்கையால் மறைத்துக்கொண்டான். ஆனால் அவன் எழுதுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஆடுகிற கையை மற்றொரு கையால் மணிக்கட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மருந்து வைக்கிறவன் மாதிரி மூச்சடக்கி எழுதினான். உங்கள் கட்டங்கள் மிகவும் சிறியவை. இது என் புதுப் புகார். அடுத்த வருடம் பெரிதாக அடியுங்கள். ஆடுகிற கைக்கும் அதற்குள் இடம் இருக்க வேண்டும்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆட்டம் குறையலாம், நிற்காது என்றாராம். அதைச் சொல்லும்போது மிர்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டான்.

"இது என்னடா போட்டிருக்கு? பத்து வருசமா?"

"ஆமா. வருசா வருசம் ஒரு தாள் வரும்."

"பத்து வருசம் நான் இருக்கணுமா, இந்தப் பொம்பளைக்காக?"

"கையெழுத்துப் போட்டா இருந்துதான் ஆகணும்."

"அவ இருப்பாளா?"

"இருப்பா. பிடிவாதக்காரி."

பேனாவை மறுபடி எடுத்துக் கோட்டின் மேல் வைத்தான். பிறகு, "மணிக்கட்டப் பிடி" என்றான். பிடித்துக்கொண்டேன். போட்டான். பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி மேசை மேலும் ஓடிவிட்டது. மேசையில் இருப்பதை நான் துடைக்கவில்லை.

வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் நான் கேட்க மாட்டேன்.

லாயோஷ்